புத்தாண்டுக்கு இரண்டு கிலோ விதைநெல்

கேள்வி: ''எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கண்மாய்ப் பாசன நெல் வயலும், வரப்பில் பன்னிரண்டு தென்னையும் உண்டு. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் உரக்கடையில் கொடுக்கும் டைரியில் வரவு செலவு எழுத ஆரம்பிப்போம். பொங்கலோடு நின்றுவிடும். எனக்கென்று ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். போன வருஷம் மகளின் தலைப்பொங்கல் படிக்கு நகையை அடகு வைத்தோம். இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தப் புது வருஷத்திலாவது இதையெல்லாம் சரிசெய்ய வழி உண்டா?''
- வாசகி ஒருவர், வ. புதுப்பட்டி.

பதில்: கணக்கு, பொழுதுபோக்கு, கொடை என்று வாசகி மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். மூன்றிலும் உள்ள சிக்கல் ஒன்றுதான். டைரி நின்றுபோனதற்குச் சோம்பல் காரணமல்ல. பொங்கல் முடிந்ததும் அறுப்பு வேலை வந்துவிடுகிறது. அந்த நோட்டை எடுத்து, 'நேற்று என்ன எழுதினாய்?' என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. தனியாக எடுக்கும் உறுதிமொழி தனியாகவே மறந்துபோகும். இன்னொருவர் காத்திருக்கும் உறுதிமொழிதான் நிற்கும்.

நோன்பு சொல்லும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஜனவரி 1 எப்போதும் மார்கழி நடுவில்தான் வருகிறது. அந்த மாதம் முழுக்க ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும் ஊர் அது. திருப்பாவையில் பாட்டு 30, நாளைக்கு ஒன்று. நோன்பிருப்பவர்கள் எதைச் செய்ய வேண்டும், எதை விலக்க வேண்டும் என்ற பட்டியல் இரண்டாம் பாட்டிலேயே வந்துவிடுகிறது. நெய், பால் வேண்டாம், விடியுமுன் குளியல், புறங்கூறுதல் கூடாது, இயன்றவரை பிறருக்குக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு நாம் போடும் புத்தாண்டுப் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் அடுத்த பகுதியில் இருக்கிறது. 6-ம் பாட்டு முதல் 15-ம் பாட்டு வரை பத்துப் பாட்டுகள், இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்பும் பாட்டுகள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. நாளைக்கு ஒரு சிறு அளவு, கூடவே எழுப்பிவிட ஒரு தோழி. அதனால்தான் நோன்பு முப்பது நாளும் நின்றது. வாசகியின் மூன்று கேள்விகளுக்கும் இந்த அளவே போதும்.

நாளைக்கு ஒரு வரி

டைரியில் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். தேதி, என்ன வேலை, எவ்வளவு செலவு அல்லது வரவு, யார் வேலை பார்த்தது. இந்த நாலாவது கட்டம்தான் முக்கியம். களை எடுத்தது, நாற்றுப் பறித்தது, மாட்டுக்குத் தீவனம் வைத்தது என்று வீட்டுப் பெண்கள் பார்க்கும் வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் நெல்லுக்கு ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும்போது, கைக்காசு போட்டுச் செய்த செலவோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. 'ஏ2 + எஃப்.எல்' என்று செய்திகளில் வருவது இதுதான். அரசாங்கமே கணக்கில் சேர்ப்பதை வீட்டு நோட்டில் சேர்க்காமல் விட்டால், லாபமா நஷ்டமா என்பது கடைசிவரை தெரியாது.

மழை பெய்த நாளில் அந்த வரியோடு மழை அளவையும் குறிக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, நேர்ச்சுவராக உள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். பிளவக்கல் அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பார்த்திருக்கும் ஊருக்கு, சொந்த வயலில் இறங்கிய தண்ணீரின் கணக்கு கையில் இருப்பது நல்லது.

எழுதுவது ஒருவர், ஞாயிற்றுக்கிழமை இரவு அதைச் சத்தமாகப் படிப்பது வேறொருவராக இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுத்துவிடலாம். ஒரு வரி விட்டுப்போனால் அதுவே கேட்டுவிடும்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இந்த ஆண்டின் ஒரே குறிக்கோளை எழுதி வைக்கலாம்: 'அடுத்த பொங்கலுக்குள் நகையை மீட்க வேண்டும்.' கீழேயே அசல், வட்டி விகிதம், தவணை முடியும் தேதி. அசலில் பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று அடகு வைத்த இடத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னையில் 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் வருடத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக் காசிலும் ஒரு பங்கு நகைக்கு என்று பிரித்துவிட்டால், பெரிய குறிக்கோள் எட்டுச் சின்னப் படிகளாகிவிடும். பன்னிரண்டு மரக் காசு மட்டும் கடனை அடைக்காமல் போகலாம். மீதி அறுப்புக் காசில் வர வேண்டியிருக்கும். எவ்வளவு மீதி என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், அதுவே பாதி நிம்மதி.

காசில்லாத பொழுதுபோக்கு

பொழுதுபோக்கு என்றால் காசும் நேரமும் இருப்பவர்களுக்கு என்ற எண்ணத்தால்தான் வீட்டில் சிரிக்கிறார்கள். வயலுக்குப் போகிற வழியிலேயே ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில்படும் பறவை எது, எத்தனை என்று எழுதி, 'இ-பேர்டு' செயலியில் ஏற்றினால் போதும். செயலி தெரியாதவர் நோட்டில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

மேற்கே மலை, கீழே வரிசையாகக் கண்மாய்கள் என்று இருக்கும் இந்தப் பகுதியில் பறவைக்குப் பஞ்சமில்லை. அங்கே 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. வயலில் நிற்கும் உண்ணிக்கொக்கு, மடையான், இரட்டைவால் குருவி எல்லாம் பழகிய முகங்கள்தான். பேர் சொல்லி எண்ண ஆரம்பித்தால் வேறு விஷயம் தெரியவரும். இரட்டைவால் குருவி பறந்தபடியே பூச்சி பிடிப்பது. அது உட்கார ஒரு குச்சி நட்டு வைத்தால் அந்தப் பக்கம் பூச்சி குறைவது. ஆந்தை இருக்கும் தோப்பில் எலித் தொல்லை எப்படி இருக்கிறது என்பது. மயில் எந்த மாதம் கூட்டமாக வந்து நெல்லில் இறங்குகிறது என்பதும் அதே நோட்டில் பதிவாகிவிடும். ஒரு வருடம் போனால், சிரித்தவர்களே 'மயில் எப்போது வரும்?' என்று கேட்டு வருவார்கள்.

கொடுக்கிறவருக்கும் கடன் இல்லாமல்

கொடுப்பதற்குச் சிறந்த பாடம் திருவாரூர் மாவட்டம், திருத்துறைப்பூண்டி அருகே உள்ள ஆதிரெங்கத்தில் கிடைக்கும். 'நெல்' ஜெயராமன் 2006-ல் அங்கே நெல் திருவிழாவைத் தொடங்கினார். வருகிற விவசாயிக்குப் பாரம்பர்ய நெல் விதை 2 கிலோ இலவசம். ஒரே நிபந்தனை, அடுத்த திருவிழாவுக்கு வரும்போது 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த 4 கிலோ வேறு இரண்டு பேருக்குப் போகும். இப்படியே 160-க்கும் மேற்பட்ட ரகங்கள் விவசாயிகளின் வயல்களுக்குத் திரும்பி வந்தன. ஜெயராமன் 2018 டிசம்பர் 6-ம் தேதி காலமானார். அவர் கொடுத்த விதை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். முதல் வருடம் ஒருவர். அவர் தரும் 4 கிலோவில் அடுத்த வருடம் புதிதாக இருவர். அதற்கடுத்த வருடம் நால்வர். சங்கிலி அறுபடாமல் போனால் பத்தாம் வருடத்தில் மட்டும் புதிதாக 512 பேர் வாங்கியிருப்பார்கள். 2 கிலோ குறைவு என்றும் நினைக்க வேண்டாம். ஒற்றை நாற்று நடவு செய்தால் ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை போதும் என்பதால், 2 கிலோவில் அரை ஏக்கர் தாராளமாக நடலாம். வாங்கியவர் கையேந்தியவர் ஆகவில்லை. திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கும் வந்துவிடுகிறது. கொடுத்தவரும் கடன்படவில்லை.

ஆனால் கொடுக்கும் விதையை யோசித்துக் கொடுக்க வேண்டும். காட்டுயானம் ஆறு மாதப் பயிர். நான்கு மாதத்தில் வற்றும் கண்மாயை நம்பியிருப்பவருக்கு அதைக் கொடுத்தால் உதவி ஆகாது. அவருக்குப் பூங்கார் போலச் சுமார் மூன்று மாதத்தில் முடிகிற ரகமே பொருந்தும். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுக்கக் கூடாது. அடுத்த தலைமுறை ஒன்றுபோல வராது. மற்ற ரகங்களில், வரப்போரத்தை விட்டு நடுவயலில், கலவன் நீக்கிய இடத்தில் எடுக்க வேண்டும். விதைநெல்லில் ஈரம் 13 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன் நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்பதாவது முளைத்திருந்தால்தான் அது விதை. குறைந்தால் அரிசியாக்கிச் சாப்பிடுவதே நல்லது.

இனி பொங்கல்படி. பழக்கத்தை ஒரே வருடத்தில் நிறுத்த முடியாது. மகள் புகுந்த வீட்டில் பேச்சு வாங்கவும் கூடாது. பித்தளையும் பட்டும் ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு வீட்டில் விளைந்ததே படியாகப் போகலாம்: புத்தரிசி, தேங்காய், கரும்பு, மஞ்சள் கொத்து. மகளிடம் முன்கூட்டியே, 'நகையை மீட்கும்வரை இப்படித்தான்' என்று மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அம்மாவின் நகை அடகில் இருப்பது தெரிந்தால் எந்த மகளும் பித்தளைப் பானை கேட்கமாட்டாள். மருமகன் வீட்டில் நிலம் இருந்தால், சோதித்த விதைநெல் 2 கிலோவை அறுப்பு முடிந்ததும் தனியாகக் கொடுத்தனுப்பலாம். நிலம் இல்லாவிட்டால் அந்த விதை பக்கத்து வயல்காரருக்கு.

இந்த ஆண்டுக்கான வரிசை

மார்கழியில் நோட்டின் முதல் வரி. பொங்கல் விடுமுறையில் கால் மணி நேரம் பறவை. தை, மாசி அறுப்பில் விதைக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுப்பது. சித்திரையில் முளைப்புச் சோதனை. தென்மாவட்டங்களில் பல ஊர்களில் ஊரே கூடிப் பொன்னேர் பூட்டும் அந்த மாதத்திலேயே விதையைக் கைமாற்றுவது. புரட்டாசி, ஐப்பசி மழையைப் பார்த்து விதைப்பு. ஒவ்வொரு தேங்காய் வெட்டிலும் நகைக்கு ஒரு பங்கு.

பொன்னேரில் எல்லோரும் ஒரே நாளில் ஏர் பூட்டுகிறார்கள். யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். வீட்டு உறுதிமொழிக்கும் அதுபோல ஒரு கண் வேண்டும். நோட்டைப் படிக்க ஒரு பிள்ளை, பறவைப் பட்டியலைக் கேட்க ஒரு பக்கத்து வீட்டுக்காரர், 4 கிலோவோடு அடுத்த ஆண்டு வாசலில் வந்து நிற்க ஒரு விவசாயி. இந்த மூன்று பேரையும் டிசம்பர் முடிவதற்குள் பேசி வைத்துக்கொண்டால், இந்த முறை டைரி பொங்கலைத் தாண்டும்.