ஏட்டில் ஏறாத ஆண்டுகள்

பிரிட்டனில் முதியோர் பென்ஷன் ஒரு பெரிய பேரேட்டைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. உழைப்பவர் தேசீய இன்ஷூரன்ஸுக்குச் சந்தா செலுத்துகிறார். சந்தா நிறைவேறிய ஆண்டு ஒவ்வொன்றும் அவர் பேரில் வரவாகிறது. 2016 ஏப்ரலில் புதிய திட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஏடு தொடங்கியவர்கள் முழுப் பென்ஷன் பெற 35 ஆண்டுகள் வேண்டும். பத்து ஆண்டுகளுக்குக் குறைந்தால் சாதாரணமாக ஒன்றும் கிடையாது. அப்படியானால் குழந்தையை வளர்ப்பதற்காகவோ, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்ப்பதற்காகவோ வேலையை விட்டவளின் ஆண்டுகள் எந்தப் பக்கத்தில் எழுதப்படும்? அந்நாட்டார் இதற்கு விடை காண முப்பது ஆண்டுகள் ஆயின. விடை கண்ட பின்பும் ஏடு சரியாக எழுதப்படவில்லை.

கூட்டுறவாளராகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. நெசவாளரும் பிற தொழிலாளரும் 1844-இல் ராக்டேல் நகரில் கடை திறந்த கதையை நாம் அறிவோம். அந்த இயக்கத்தின் வழியில் 1883-இல் தோன்றியது மாதர் கூட்டுறவு சங்கம். மார்கரெட் லூயலின் டேவிஸ் அம்மையார் அதன் செயலாளராக இருந்த நாளில், 1911-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தில் பிரசவ உதவித்தொகை இடம்பெற அச்சங்கம் பாடுபட்டது. அத்தொகை தாயின் உடைமை என்பதை 1913-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் பெற முடிந்தது. வீட்டு உழைப்பும் உழைப்பே என்று சர்க்காரிடம் வாதாடியவர்கள் நம் இனத்தவரே.

ஆயினும் 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை மணமான பெண்ணைக் கணவனின் கணக்கோடு சேர்த்தே எண்ணியது. 1948-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வேலை பார்க்கும் மனைவி விரும்பினால் மிகச் சிறு சந்தாவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றனர். சிறு சந்தாவுக்குத் தனிப் பென்ஷன் இல்லை. பலர் அவ்வாறே செய்தனர். கிழப் பருவத்தில்தான் அதன் விலை தெரிந்தது. 1977-இல் புதியவர்களுக்கு அந்த வாசல் மூடப்பட்டது.

1978-இல் இல்லப் பொறுப்புப் பாதுகாப்பு என்னும் ஏற்பாடு வந்தது. குழந்தைக்கான உதவித்தொகை பெறுபவர் வீட்டில் கழித்த ஆண்டுகளை, பென்ஷனுக்குத் தேவையான ஆண்டுகளிலிருந்து கழித்துவிடுவார்கள். 2010-இல் அதை மாற்றி, அவ்வாண்டுகளை நேரே வரவாக எழுதத் தொடங்கினர். இப்போது பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு உதவித்தொகை கோரியவருக்கு வரவு உண்டு; நோயாளியை வாரம் 20 மணி நேரமாவது பேணுபவர் உரிய நிபந்தனைகளோடு விண்ணப்பித்தால் அவருக்கும் உண்டு. 2011 முதல், வேலைக்குச் செல்லும் தாய் தன் வரவைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு மாற்றித் தரலாம். மிக நல்ல ஏற்பாடு இது.

ஆனால் நடந்தது என்ன? 2000 மே மாதத்திற்கு முன்பு, இன்ஷூரன்ஸ் எண் எழுதாமலே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. எண் இல்லாத விண்ணப்பத்தால் பணம் வந்தது. ஆனால் பலருக்கு வரவு ஏறவில்லை. எத்தனையோ தாய்மார் குறைந்த பென்ஷனையே பெற்று வந்தனர். 2023-இல்தான் வரி இலாகா அவர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியது. ஐந்து ஆண்டு வரவு விடுபட்டால், இன்றைய கணக்கில் முழுப் பென்ஷனில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஒன்பது ஆண்டு மட்டும் வேலை பார்த்தவளுக்கோ, விடுபட்ட ஒரே ஆண்டு முழுப் பென்ஷனையுமே தட்டிப் பறிக்கலாம்.

சந்தா செலுத்தாதவருக்கு வரவு தருவது செலுத்தியவருக்கு அநீதி என்று சிலர் கூறுவர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அந்நாட்டில் இன்றைய உழைப்பாளரின் சந்தாவே இன்றைய முதியோருக்குப் பட்டுவாடா ஆகிறது. நாளைக்குச் சந்தா கட்டப்போகும் பிள்ளையை வளர்ப்பவள் திட்டத்திற்கு முதலீடு செய்பவள் அல்லவா? அவளுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய சர்க்கார், அவள் குழந்தை வளர்த்ததை அறியாதிருந்ததாகச் சொல்ல இயலாது. எழுதிக்கொள்ளும் பொறுப்பு அலுவலகத்தினுடையதாக இருக்கவேண்டும். விண்ணப்பம் தேடி அலையும் பொறுப்பை எழுபது வயதுக் கிழவியின் தலையில் சுமத்துவது முறையன்று. (தார் சுற்றும் மனைவியின் பெயர் இல்லாமல் கூலிப் பட்டியல் போடும் நெசவு வீடுகளும் இதைச் சற்று யோசிக்கலாம்.)

பிரிட்டனில் உற்றார் உள்ள அங்கத்தினர்கள் ஒரு செய்தியை அவர்களுக்குத் தெரிவித்தால் நலம். 1978-க்கும் 2010-க்கும் இடையே அங்கே குழந்தை வளர்த்த பெண்கள் தங்கள் இன்ஷூரன்ஸ் ஏட்டைக் கேட்டுப் பார்க்கவேண்டும். வரவு விடுபட்டிருந்தால் சிஎஃப் 411 என்னும் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். பென்ஷன் வயதைக் கடந்தவர்களுக்கும் இவ்வழி உண்டு. தாய் காலமாகியிருந்தால் அவர் சார்பில் குடும்பத்தாரும் கேட்கலாம்.