பள்ளிமுனைப் பெருக்க மரம்

விடுமுறை நெருங்கியதும், "பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க பெருமரம் எங்குள்ளது?" என்று வினவும் அன்பர் பலர். மன்னாருக்குச் செல்லுங்கள் என்பதே நமது விடை.

வானளாவிய மரமொன்றை எதிர்பார்த்துச் செல்வோர் முதலில் ஏமாறுவர். மன்னார்த் தீவிலே பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் உயரம் ஏழரை மீற்றர் அளவே; வளர்ந்த தென்னையொன்றுக்கு அது ஈடாகாது. ஆனால் அடிமரத்தின் சுற்றளவோ ஏறக்குறைய 19.5 மீற்றர்! பெரியவர் பன்னிருவர் கைகோத்து நின்றாற்றான் அதனை அணைக்கலாம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அகவை எழுநூறு என்பாருமுளர். பஞ்சுபோல் நீர் தேக்கும் அதன் மரம் வளைக்கும் உதவாது, கதவுக்கும் உதவாது. கோடரிக்குத் தப்பியதும் அதனாற்றான் போலும்!

கொழும்பிலிருந்து வருவோர் மதவாச்சி வழியாகவும், யாழ்ப்பாணத்தவர் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாகவும் மன்னாரை அடையலாம். நகரிலிருந்து பள்ளிமுனை சிறிது தூரமே. வெயில் ஏறுமுன் செல்லுதல் நன்று. குடிநீர் கொண்டு செல்லுக. கோடையில் இலையுதிர்ந்து நிற்குமாதலால், மரம் பட்டுவிட்டதென்று எண்ணி வருந்தவேண்டா.

நாம் சென்றபோது வருந்தியது வேறொன்றுக்காக. பட்டையிலே கத்தியாற் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. இது புதிய நோயன்று. 1749இல் செனகல் நாட்டுக்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் அடன்சன், ஆங்கோர் தீவிலே இத்தகைய மரங்களில் முன்னைய ஐரோப்பிய மாலுமிகள் வெட்டிய பெயர்களைக் கண்டார். அவற்றின் காலத்தைக்கொண்டு கணக்கிட்டு, இம்மரங்கள் ஐயாயிரம் ஆண்டுக்கு மேலும் வாழுமென்றார். இக்கால ஆய்வுகளில் மிக மூத்ததாகக் கண்ட மரத்துக்கும் அதிற் பாதியளவு அகவையே கிடைத்தது. இனத்துக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டனர், கணக்குத்தான் பிழைத்தது! வெட்டிய காயம் ஆறினும் வடு ஆறுவதில்லை. மரம் பருக்கப் பருக்க எழுத்தும் அகன்று விகாரமாகும். பழுது உட்புகவும் அதுவே வாயில்.

ஆகவே மாணவச் செல்வங்காள், கத்தியை வீட்டில் வைத்துவிட்டு நீண்ட நூற்கயிறு ஒன்று கொண்டு செல்லுங்கள். நெஞ்சளவு உயரத்திற் சுற்றியளந்து, நாளையும் அளவையும் குறிப்பேட்டிற் பதியுங்கள். அடுத்தமுறை செல்லும்போது அதே உயரத்தில் மீண்டும் அளந்து பாருங்கள்.

இன்னொன்று காண விழைவோர் நெடுந்தீவு செல்லலாம். அங்குள்ள பெருக்க மரத்தின் அடியில் ஆள் புகுந்து நிற்குமளவு பொந்துண்டு. குறிகட்டுவானிற் படகேறுமுன் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தாற் பயணத்தை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள்.