பால் மறந்த பின்புதானா?

பிள்ளை வளர்ப்பில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று நம்மவருள் சிலர் வினவுகின்றனர். கலீபா உமர் (ரலி) அவர்களிடம் இவ்வினா செல்லாது. பால் மறந்த குழந்தைக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்பது அவர்களின் முதல் ஆணை. அத்தொகைக்காக ஒரு தாய் முன்னதாகவே பால் மறக்கடிக்க முயல, பிள்ளை இரவெல்லாம் அழுதது. அழுகையின் காரணத்தை அறிந்த கலீபா, பிறந்தது முதலே உதவித்தொகை என்று ஆணையை மாற்றினார்கள். இப்னு ஸஅது இதனைப் பதிவு செய்துள்ளார்.

நம் குமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் (ஊரார் வழக்கில் ‘அண்டியாபீஸ்’) தோலுரிப்போர் பெரும்பாலும் பெண்களே. 1975இல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடி, 2 வயது நிரம்பிய பிள்ளையைத்தான் பகலில் ஏற்கிறது. கைக்குழந்தைக்குச் சத்துமாவோடு சரி. மாவா தொட்டிலை ஆட்டும்? தொழிற்சாலைச் சட்டம் 1976 முதல், 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டமோ 50 தொழிலாளருக்கு மேல் என்கிறது. சிற்றாலைத் தாய் என் செய்வாள்? மூத்த மகளின் படிப்பை நிறுத்திப் பிள்ளையை அவள் இடுப்பில் ஏற்றுவாள்.

6 மாதக் குழந்தை முதல் ஏற்கும் ‘பால்னா’ காப்பகத் திட்டம் மத்திய அரசிடம் உண்டு. ஆலையுள்ள ஊர்தோறும் அதனைத் திறக்குமாறு ஜமாஅத்துகள் ஆட்சியரிடம் கேட்க வேண்டும் என்கிறோம் நாம். இடமில்லை என்பாரேல், பகலில் பூட்டிக் கிடக்கும் நம் மதரஸாக் கூடங்களைத் தருவோம்.