கல்லாப்பெட்டியும் இராச் சாப்பாடும்

மொத்த விலையில் வாங்கிச் சில்லறையில் விற்பவர்கள் நாம். வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் எதிர்மாறு! கடை மூடும் நேரம் கல்லாவிலிருந்து எடுத்துப் பத்துப் பேருக்கும் கொத்து ரொட்டிப் பார்சல். அது இலாபத்திலா, முதலிலா போகிறது என்று எவரும் எழுதுவதில்லை. 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சில சிறு கடைகளின் முதல் அப்போது இப்படித்தான் கரைந்தது என்பேன்.

எங்கள் வீட்டிலும் பத்துப் பேர்தான். ஒரு கிலோ கோதுமை மாவில் ஒரு தேங்காய் துருவிப் போட்டால் ஆளுக்கு இரண்டு ரொட்டி. கால் கிலோ மைசூர்ப் பருப்போடு முருங்கை இலை சேர்த்தால் கறிக்குக் காணும். ஈரப்பலாக்காய் மலிந்தால் அவித்துச் சம்பலுடன் வைப்போம். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்தான். சம்பலில் மாசியைக் கூட்டினால் தட்டு காலி. அரிசி, பருப்பு, கருவாடு மூன்றையும் கடைக்கு எடுக்கும்போதே வீட்டுக்கும் எடுத்து, தனிக் கணக்கில் எழுதுங்கள்.