ஐந்துக்கு மூன்று: தலையை எண்ணியது யாருக்காக?

'அமெரிக்க அரசியல் சட்டம் கருப்பின மக்களை ஐந்தில் மூன்று பங்கு மனிதராகத்தான் மதித்தது' என்று தோழர்கள் மேடையில் பேசுவதுண்டு. கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கைக் கவனியுங்கள்.

1787-இல் பிலடெல்பியாவில் கூடியவர்களுக்குள் பெரிய சண்டையே யாருக்கு எத்தனை இடம் என்பதில்தான். சிறிய மாநிலங்களைச் சமாதானப்படுத்த, செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் என்றார்கள். பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகைப்படி இடம். சரி, மக்கள் என்றால் யார்? அடிமைகளை முழுத் தலையாக எண்ணச் சொன்னவர்கள் தென் கரோலினாவின் அடிமை உடைமையாளர்கள்! வடக்கே பலர் எண்ணவே கூடாது என்றார்கள். ஓட்டுப் போட முடியாத ஒவ்வொரு அடிமையும் ஆண்டையின் மாநிலத்துக்குக் கூடுதல் பலம் அல்லவா? கடைசியில் ஐந்து பேரை மூன்றாகக் கணக்கிடுவதெனப் பேரம் படிந்தது. பேரம் பேசிய அறையில் அடிமை ஒருவர்கூட இல்லை. சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லும் இல்லை, 'மற்ற நபர்கள்' என்று எழுதிக்கொண்டார்கள். அவ்வளவு கூச்சம்!

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையும் இதே கணக்கில்தான். 1800 தேர்தலில் ஜெபர்சனுக்கு 73, ஆடம்ஸுக்கு 65. அடிமைகளை எண்ணியதால் கிடைத்த கூடுதல் தேர்வாளர்கள் இல்லையென்றால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு.

1868-இல் 14-ஆவது திருத்தம் எல்லோரையும் முழுத் தலையாக எண்ணியது. பிறகு என்ன நடந்தது? தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று தென் மாநிலங்கள் கருப்பின மக்களின் ஓட்டைப் பறித்தன. அவர்கள் தலைக்கணக்கில் வந்த இடங்களை மட்டும் விடவில்லை. முன்பு ஐந்துக்கு மூன்று லாபம், இப்போது ஐந்துக்கு ஐந்து. ஓட்டை மறுக்கும் மாநிலத்துக்கு இடங்களைக் குறைக்க வேண்டும் என்று அதே திருத்தத்தின் 2-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு மாநிலத்துக்குக்கூட அப்படிக் குறைத்ததில்லை.