காற்று யாருடையது என்றும் ஆராய வேண்டும்



பெரொவ்ஸ்கைட் சூரியக்கலம் 2009இல் ஜப்பானில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது, விழுந்த வெயிலில் 4 வீதத்துக்கும் குறைவாகத்தான் மின்சாரமாக மாற்றியது. இண்டைக்கு அது 26 வீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கனோடு அடுக்கினால் ஆய்வுக்கூடத்தில் 34 வீதம். இது சின்ன விசயமில்லை. நிலக்கரியை மூடு எண்டு நாங்கள் ரோட்டில நிண்டு கேக்கிறதுக்குப் பலம் தாறதே இந்த ஆய்வுகள்தான்.

ஆனால் ஆய்வு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? பெஞ்சமின் சோவகூல் என்ற ஆய்வாளர், 1999 முதல் 2013 வரை மூன்று எரிசக்தி ஆய்விதழ்களில் வந்த 4,444 கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். எழுதியவர்களில் சமூக அறிவியல் பயிற்சி உள்ளவர்கள் 19.6 வீதம். வரலாறு, உளவியல், மானுடவியல் போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள் 0.3 வீதத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு 'எரிசக்தி நீதி' ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. யாருக்கு வெளிச்சம், யாருக்கு இழப்பு, யார் முடிவெடுத்தது எண்டு அது கேக்குது.

மன்னாரில் இந்தக் கேள்விக்கு முகம் இருக்கிறது. அங்கே 2020 டிசம்பரில் 103.5 மெகாவாட் காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. அடுத்து மன்னாருக்கும் பூநகரிக்கும் அதானியின் 484 மெகாவாட் திட்டம் வந்தது. விலைத் தகராறில் 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டிலும் சனம் புதுக் காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில்தான் நிண்டது. மழைத்தண்ணி வடிய வழியில்லை, கரையில மீன் குறைஞ்சு போச்சு எண்டு சொல்லுகினம். இதை அளந்து பார்ப்பதும் அறிவியல்தான்.

இந்த எதிர்ப்பைக் காட்டி நிலக்கரியைக் காப்பாற்ற ஆட்கள் இருப்பார்கள். அதற்கும் இடம் குடுக்கக்கூடாது. தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி எரியுது. அங்கயும் கடலை நம்பி வாழுற சனம்தான்.

ஆகவே, பல்கலைக்கழகத்தில் இருக்கிற உங்களிடம் நான் கேட்பது நான்கு. உங்கள் துறையின் எரிசக்தி ஆய்வுக்கு யார் காசு குடுக்கினம் எண்டு கேளுங்கோ. வடக்கைப் பற்றி ஆய்வு செய்தால், கேள்வியை வகுக்கும்போதே அந்த ஊராட்களைச் சேருங்கோ. அவர்களின் உழைப்புக்குச் சம்பளம் குடுங்கோ. முடிவைத் தமிழில் எழுதி அந்த ஊருக்கே திருப்பிக் குடுங்கோ.

கலத்தின் திறன் ஏறட்டும். காணிக்காரரின் சொல்லும் கணக்கில் ஏற வேண்டும்.