கையெழுத்து மட்டும் போட்ட காசோலை

டெர்மினல் என்ற கருப்புத் திரையைக் கண்டாலே ஒரு காலத்தில் பலருக்கு அலர்ஜி. இன்றைக்கு நிரல் எழுதத் தெரியாதவர்கூட அதைத் தேடி வருகிறார். 2025 பிப்ரவரியில் ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட், ஏப்ரலில் ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜூனில் கூகிளின் ஜெமினி சிஎல்ஐ என்று வரிசையாக வந்து இறங்கியதுதான் காரணம். நிறுவுவது சுலபம். ஒரே ஒரு வரிக் கட்டளை, ஒரு லாகின், முடிந்தது. ஐந்து நிமிட வேலை!

பிரச்சனை ஆறாவது நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

உலாவியில் ஒரு சாட்பாட்டிடம் கேட்டால் நிரலை எழுதிக் காட்டும். நகலெடுத்து ஒட்டுவது மனிதரின் வேலை. டெர்மினல் உதவியாளர் அப்படியல்ல. எந்த ஃபோல்டரில் திறக்கிறாரோ, அங்கிருக்கும் கோப்புகளைத் தானே படிக்கும், திருத்தும், கட்டளைகளையும் ஓட்டும். யார் பெயரில் ஓட்டும்? கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பெயரில். அவரால் அழிக்க முடிந்ததையெல்லாம் அதனாலும் அழிக்க முடியும்.

அதனால்தான் கோப்பைத் திருத்தும் முன்பும் கட்டளையை ஓட்டும் முன்பும் "செய்யட்டுமா?" என்று அது கேட்கிறது. இங்கேதான் நம்ம ஆட்களின் பொறுமை போகிறது. முதல் பத்து கேள்வியைப் படிக்கிறார்கள். பதினோராவதிலிருந்து படிக்காமலே ஒப்புதல். அப்புறம் ஒரு நண்பர் வந்து "இந்த ஃபிளாகைப் போடு மச்சி, கேட்கவே கேட்காது" என்கிறார். கிளாட் கோடில் அந்த ஃபிளாகின் பெயரிலேயே "டேஞ்சரஸ்லி" இருக்கிறது. ஜெமினியில் அதன் பெயர் "யோலோ", அதாவது வாழ்வது ஒரு தடவைதான். வைத்தவர்களே எச்சரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். போடுகிறவர்தான் வாசிப்பதில்லை.

கணக்குப்பதிவியல் படித்த யாருக்கும் இது புதிதல்ல. வவுச்சர் தயாரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். இதற்கு அகச் சரிபார்ப்பு என்று பெயர். தயாரிப்பவர் திருடன் என்பதால் வந்த ஏற்பாடு அல்ல. நல்லவரும் தப்பு செய்வார் என்பதால் வந்தது. அனுமதிக் கேள்வியை அணைப்பது, தொகையே எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது மாதிரி.

"அதெல்லாம் கற்பனை பயம்" என்பவர்கள் 2025 ஆகஸ்டைப் பார்க்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பிரபலமான என்எக்ஸ் என்ற கருவியின் விஷம் கலந்த பதிப்புகள் என்பிஎம்மில் ஏற்றப்பட்டன. சில மணி நேரம்தான் இருந்தன. நிறுவியவர்களின் கணினியில் கிளாட், ஜெமினி, அமேசான் கியூ ஆகிய டெர்மினல் உதவியாளர்கள் இருக்கின்றனவா என்று அந்த நிரல் தேடியது. இருந்தால், ரகசியச் சாவிகளும் கிரிப்டோ பணப்பைகளும் எங்கே என்று தேட அவற்றையே ஏவியது. எப்படி ஏவியது தெரியுமா? மேலே சொன்ன அதே அனுமதி தவிர்க்கும் ஃபிளாகுகளைப் போட்டு! திருடிய விவரங்கள் பாதிக்கப்பட்டவரின் கிட்ஹப் கணக்கிலேயே, ஊரே பார்க்கும்படி ஏற்றப்பட்டன. நண்பர் சிபாரிசு செய்யும் ஃபிளாகும் திருடன் தேர்ந்தெடுத்த ஃபிளாகும் ஒன்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"இருநூறு தடவை ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும்?" என்பது நியாயமான கேள்விதான். அளவுக்கு மீறிக் கேட்கும் கருவியும் மனிதரை வாசிக்காமல் ஒப்பச் சொல்லிப் பழக்குகிறது. அந்தத் தப்பு தயாரித்தவர்களுடையது. ஆனால் அதற்குத் தீர்வு கண்ணை மூடுவதல்ல. சில்லறைச் செலவுக்குக் குறிப்பிட்ட தொகையைக் காசாளரிடம் முன்பணமாகக் கொடுத்து வைப்பதில்லையா? அதே வழிதான். சோதனை ஓட்டுவது, கோப்பைப் படிப்பது போன்ற ஆபத்தில்லாத கட்டளைகளுக்கு மட்டும் அமைப்புகளில் நிரந்தர அனுமதி கொடுத்துவிடலாம். அழிப்பது, இணையத்துக்கு அனுப்புவது, புதிதாக நிறுவுவது மூன்றுக்கும் கேட்டே ஆகவேண்டும். கேட்காமல் ஓடத்தான் வேண்டும் என்றால், இணையத் தொடர்பைக் கட்டுப்படுத்திய கண்டெய்னருக்குள் ஓடட்டும்.

வேலை தொடங்குமுன் கிட்டில் ஒரு கமிட். முடிந்ததும் மாறிய வரிகளை ஒரு பார்வை. சொந்த அடைவு முழுவதையும் திறந்துவிடாமல் அந்த வேலைக்கென்று தனி ஃபோல்டர். கடவுச்சொல் இருக்கும் கோப்பு அந்தப் பக்கமே கிடக்கக் கூடாது. இவ்வளவும் செய்யப் பத்து நிமிடம் ஆகாது.

ஆணி பிடுங்க ஆள் கிடைத்தது நல்லதுதான். எந்த ஆணியைப் பிடுங்குகிறது என்று பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். நாளைக்குக் கோப்பு காணாமல் போனால் கருவி அழகாக மன்னிப்புக் கேட்கும். பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்.